வீட்டோடு வந்த விருந்தாளிகள்

யாத்திரை புறப்படுகிறவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுவதுதான் உலக வழக்கம். சாவியை அடுத்த வீட்டு மாமியிடம் கொடுப்பதா, இடுப்பில் செருகிக்கொள்வதா என்பதில் மட்டுமே நம் குடும்பங்களில் அபிப்பிராய பேதம் ஏற்படும். ஆனால் வீட்டையே கிளப்பிக்கொண்டு புறப்பட்டுவிடும் பிரயாணிகளும் உலகத்தில் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் இவர்களுடைய தொகை வெகு அதிகம். அவர்களில் நெஞ்சுரம் மிக்க சிலர் துருக்கியையும் பாரசீகத்தையும் கடந்து, நம் தேசத்துக்குள் புகுந்து, தெற்கே தெற்கே என்று ஓட்டிக்கொண்டு வந்து, இனிமேல் ஓட்டுவதற்குப் பூமி இல்லை என்று தெரிந்த இடத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள். அந்த இடம் நம் கன்னியாகுமரி.

இப்படிப்பட்ட வண்டியை நேரில் பார்த்திராத வாசகர்களுக்காக அதைச் சிறிது வர்ணிக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அது சாமான் ஏற்றும் லாரியைப் போலவே இருக்கும். பக்கவாட்டில் ஒரு சிறு கதவு, இரண்டு மூன்று ஜன்னல்கள், ஜன்னல்களுக்குத் திரை. உள்ளே ஏறினால் ஒரு கட்டில். பகலில் அதை மடித்தால் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் பலகையாக மாறிவிடும். வாயு அடுப்பு இரண்டு; அதன் பக்கத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி; கீழே சிறு குளிர்ப்பெட்டி. நூறு நூற்றைம்பது லிட்டர் நல்ல தண்ணீர் பிடிக்கும் தொட்டி ஒன்று. அழுக்குத் தண்ணீருக்கு வேறொன்று. மூலையில் பீரோ அளவில் ஒரு கழிப்பறை. கூரையின்மேல் வெயிலைப் பிடித்து மின்சாரமாக்கும் பலகைகள். ஒரு வீட்டில் இருக்கவேண்டியவை எல்லாம் அங்கே இருக்கின்றன. இல்லாதவை இரண்டுதான்: திண்ணையும், அடுத்த வீடும்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்கு முற்றிலும் புதிய விஷயம் அல்ல. சுசீந்திரத்து மார்கழித் தேரைப் பார்ப்பதற்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடும்பம் குடும்பமாக வில்வண்டி கட்டிக்கொண்டு சென்ற காலம் ஒன்று இருந்தது. வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் விரிப்பார்கள். வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கும் சாக்கில் மாட்டுத் தீனியும் பித்தளைப் பாத்திரங்களும் ஆடிக்கொண்டு வரும். பகலில் ஆற்றங்கரையில் அடுப்புக் கூட்டிச் சமையல், இரவில் பிரயாணம். பாட்டி, பேரன், பேத்தி எல்லோரும் தூங்குவார்கள். சற்று நேரத்தில் வண்டிக்காரனும் தூங்கிவிடுவான். மாட்டுக்கு வழி தெரியும். ஆகையால் வண்டி போய்க்கொண்டே இருக்கும். எத்தனை லட்ச ரூபாய் கொடுத்து வாங்கினாலும் இன்றைய மோட்டார் வீட்டில் இந்த வசதி மட்டும் கிடைப்பது அரிது.

அந்த வண்டிகளுக்காகவே வழியெல்லாம் கல்மண்டபமும் கிணறும் சத்திரமும் இருந்தன. தலைச்சுமைக்காரர்களுக்குச் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. திருவிதாங்கூர் ராஜ்யத்தின் எல்லைக்குள் சென்றால் வழியம்பலங்களும் ஊட்டுப்புரைகளும் இருந்தன. ஊட்டுப்புரையில் எல்லா வழிப்போக்கருக்கும் இலை விழுந்துவிடவில்லை. அது பிராமணர்களுக்கு என்று ஏற்பட்ட தர்மம். பழைய நாளைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதே நியாயம்.

2025-ஆம் வருஷம் பொங்கல் விடுமுறையில் நாமும் ஒரு மோட்டார் வீட்டில் நாஞ்சில் நாட்டுக்குப் புறப்பட்டோம். மதுரையில் உள்ள நண்பர் ஒருவர் தம்முடைய பழைய வேனுக்குள் தச்சரைக் கொண்டு கட்டிலும் அலமாரியும் அடித்து, அடுப்பும் வைத்திருக்கிறார். நம் சகதர்மிணியும் குழந்தைகள் இருவரும் சேர்ந்து நால்வருக்கு அது தாராளம் என்று அவர் சொன்னார். தாராளம் என்னும் சொல்லுக்கு அவருடைய அகராதியில் வேறு பொருள் இருக்கவேண்டும். எப்படியானாலும் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

திருநெல்வேலியைக் கடந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை காவல்கிணற்றில் இரண்டாகப் பிரிகிறது. ஸ்ரீநகரில் தொடங்கி மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடிவரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஆரல்வாய்மொழியை எட்டிப் பாராமலே நேராகக் குமரிமுனைக்குப் போய்விடுகிறது. மற்றது பழைய பாதை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவிலுக்குச் செல்வது. அவசரக்காரர்கள் முதல் பாதையில் போகலாம். நாங்கள் பழைய பாதையிலே திரும்பினோம். அதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுப் பிரயாணம் என்றால் என்னவென்று குழந்தைகளுக்குக் காட்டவேண்டும் என்று நினைத்தோம்.

குழந்தைகள் சிரித்தார்கள். வாசகர்களும் சிரிக்கலாம். ஆனால் தேசம் சுதந்தரம் அடையும் வரையில் இந்தக் கணவாய்க்கு இப்பால் ஆங்கிலேயரின் சென்னை மாகாணம். அப்பால் திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்யம். அங்கே நாணயம் வேறு. சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். தபால் வேறு, அதற்குப் பெயர் அஞ்சல். 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயை எதிர்த்து வந்த கம்பெனிப் படை மோதியதும் இந்தக் கணவாயை அடைத்துக் கட்டியிருந்த கோட்டை மதிலின்மேல்தான். பிற்காலத்தில் பீரங்கி போய்ச் சவுக்கை வந்தது. எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு வண்டியும் சவுக்கையில் நிற்கவேண்டும். புகையிலைக்குத் தீர்வை கட்டவேண்டும்.

இரண்டு பக்கமும் மலை. நடுவிலே வாய் திறந்தாற்போல் வெளி. அந்த வாய்க்குள் காற்று புகுந்து புறப்படுகிறது. முப்பந்தல் பக்கத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைகள் நின்று கை வீசுகின்றன. ஆனி ஆடியில் அடிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் தை மாதத்துக் காற்று வெறும் விசிறிக் காற்று என்றார்கள். அந்த விசிறிக் காற்றிலேயே எங்கள் உயரமான வண்டி தொட்டில் ஆடிற்று. அலமாரியிலிருந்து ஊறுகாய் ஜாடி விழுந்தது.

தோவாளையில் பூச்சந்தையைப் பார்த்துவிட்டுத் தேநீர்க் கடை ஒன்றில் இறங்கினோம். கடை வாசல் பெஞ்சில் தொண்ணூறு பிராயத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் அவரைப் "பாட்டா" என்று அழைத்தார். பெரியவர் எங்கள் வண்டியை ஒரு தரம் சுற்றி வந்தார். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார்.

"எங்க இருந்து வாறிய?" என்றார்.

"மதுரையிலிருந்து, பெரியவரே!"

"உள்ள கட்டில் கெடக்கு, அடுப்பு இருக்கு. இதுக்கு வீட்டு வரி கெட்டணுமா, வண்டி வரி கெட்டணுமா?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை, அவருக்கு உண்மையாகவே அது தெரியவேண்டியிருந்தது. வண்டி வரிதான் என்று சொன்னோம். அதன்பிறகு நம் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பழைய கதையைச் சொல்லத் தொடங்கினார்.

"மக்களே, எனக்க அப்பா திருநவேலிக்குப் போனா, வரும்போ புகையில வாங்கிட்டு வருவாரு. சவுக்கைக்காரன் வண்டிக்க அடியில கெடக்க வைக்கோல எல்லாம் கம்பிய வச்சுக் குத்திப் பாப்பான். ஒண்ணும் இருக்காது. எனக்க அம்மைக்க வெத்தலச் செல்லத்துக்குள்ள இருக்கும். பொம்பளையளுக்க வெத்தலச் செல்லத்தத் தொறக்கச் சொல்ல எந்தச் சவுக்கைக்காரனுக்கும் தைரியம் கெடையாது."

அந்தச் சவுக்கை எல்லை சுலபத்தில் மறைந்துவிடவில்லை. 1949 ஜூலை 1-ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இந்திய யூனியனில் ஒரு ராஜ்யமாயின. ஆனாலும் தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற கிளர்ச்சி ஓயவில்லை. நேசமணி முதலியோர் அதை நடத்தினார்கள். 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டதில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி ஜில்லாவாயின. இன்று ஊறுகாய் ஜாடி விழுந்த சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லாமல் நாம் கடந்துவிடுகிற எல்லைக்கு இவ்வளவு சரித்திரம் இருக்கிறது. பெரியவர் இந்தப் பாகத்தைச் சொல்லும்போது மட்டும் பையனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நாஞ்சில் என்றால் கலப்பை. பெயருக்கு ஏற்ற நாடு. கணவாயைத் தாண்டியவுடன் திருநெல்வேலியின் சிவந்த வறண்ட பூமி மறைந்து, குளமும் வயலும் தென்னையும் வாழையுமாகக் கண் குளிர்கிறது. தாமரை பூத்த குளத்தை ஒட்டிச் சாலை வளையும்போது வண்டியை நிறுத்தாமல் போவதற்குக் கல் நெஞ்சம் வேண்டும். இப்போது அந்த வயல்களையும் குளங்களையும் ஊடறுத்து நாற்கரச் சாலை வந்திருக்கிறது. பெரிய வண்டிக்கு அகலமான சாலை சௌகரியம்தான். எங்கள் வண்டிக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. ஆனால் குளத்தில் மண் கொட்டிப் போட்ட சாலையின்மேல் உட்கார்ந்து குளத்தின் அழகை ரசிப்பது சற்றுச் சங்கடமான காரியம்.

அன்றிரவு ஊருக்குச் சற்றுத் தள்ளி ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில், தோப்புக்காரரின் அனுமதியோடு, வண்டியை நிறுத்திப் படுத்தோம். நடுநிசியில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. உத்தியோகஸ்தர் ஒருவர் விளக்கை முகத்தில் அடித்தார். யார், எந்த ஊர், எதற்காக லாட்ஜில் தங்கவில்லை, கூட இருப்பது யார் என்று ஒரு மணி நேரம் விசாரணை. தோப்புக்காரரே எழுந்து வந்து சொன்ன பிறகும் அவருக்குச் சமாதானம் ஏற்படவில்லை. வீடு இருக்கிற மனிதன் ஏன் வண்டியில் படுக்கிறான் என்பதே அவருடைய சந்தேகம். குழந்தைகள் பயந்து விழித்திருந்தார்கள். மறுநாள் கன்னியாகுமரியில் கண்ட காட்சியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க எங்களால் முடியவில்லை.

மறுநாள் காலையில் சுசீந்திரத்தில் தாணுமாலயனைத் தரிசித்துக்கொண்டு, உச்சிக்கு முன்னே குமரிமுனையை அடைந்தோம். பொங்கல் கூட்டம். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2024 டிசம்பர் 30-ஆம் தேதிதான் திறந்தார்கள். படகுக்கு நின்ற வரிசையைப் பார்த்து மலைத்துப்போய்க் கடற்கரைப் பக்கம் திரும்பினோம். அங்கே ஒரு விடுதியின் முற்றத்தில், எங்கள் வண்டிக்கு அண்ணன் போல, மஞ்சள் நிற லாரி வீடு ஒன்று நின்றது. அதைச் சுற்றி ஐம்பது பேர். செல்போனில் படம் பிடிப்பவர்கள் சிலர். குழந்தையை அதன் படியில் உட்காரவைத்துப் பார்ப்பவர்கள் சிலர். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர் அதன் சொந்தக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளைக்காரர் வண்டியில் படுத்தால் அது சாகசம். நாம் படுத்தால் சந்தேகம். சுதந்தரம் வந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்த மனோபாவம் போகவில்லையே என்று நம் சகதர்மிணி சொன்னதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்த வண்டிக்காரர்கள்மேல் குற்றம் இல்லை. ஹாலந்து தேசத்துத் தம்பதிகள். அவர் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர்; அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். சொந்த வீட்டை விற்றுவிட்டு இந்த வீட்டை வாங்கினார்களாம். துருக்கி, ஈரான் வழியாக வந்து, பாகிஸ்தானத்தில் பலூச்சிஸ்தான் பாலைவனத்தைக் காவல் படையினரின் துணையோடு கடந்து, 2024 நவம்பரில் வாகா எல்லையில் நம் தேசத்துக்குள் புகுந்திருக்கிறார்கள். நம் அம்மாள் கொடுத்த மட்டிப் பழத்தைத் தின்றுவிட்டு, இந்த ஜில்லாவை விட்டுப் போக மனமில்லாமல் பத்து நாளாக இங்கே இருப்பதற்கு அந்தப் பழமே பாதிக் காரணம் என்றார்கள்.

அவர்களிடம் நாங்கள் கேட்ட முதற் கேள்வி தோவாளைப் பெரியவரின் கேள்விதான்: இதற்கு எந்த வரி? அவர் உள்ளே போய் ஒரு நீளமான புத்தகத்தை எடுத்துவந்தார். "வரி கட்டவில்லை, ஜாமீன் கட்டியிருக்கிறோம்" என்றார்.

அந்தப் புத்தகத்துக்குக் கார்னே என்று பெயர். மனிதனுக்குப் பாஸ்போர்ட் எப்படியோ அப்படி வண்டிக்கு அது. அந்நிய தேசத்து வண்டி ஒன்றை நம் நாட்டுக்குள் கொண்டுவந்து விற்பதானால் அதற்குப் பெருந்தொகை சுங்கம் கட்டவேண்டும். சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டு போகிறவரிடம் அந்தச் சுங்கத்தை வாங்குவது நியாயமல்ல. வாங்காமல் விட்டால் அவர் விற்றுவிட்டுப் போய்விடலாம். இதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. சொந்த தேசத்தின் மோட்டார் சங்கத்திடம் பிரயாணி ஜாமீன் தொகை கட்டுகிறார்; சங்கம் புத்தகம் கொடுக்கிறது. புத்தகத்தின் ஒவ்வொரு தாளுக்கும் மூன்று பாகம். எல்லைக்குள் புகும்போது சுங்க அதிகாரி ஒரு பாகத்தைக் கிழித்துக்கொள்கிறார். வெளியேறும்போது மற்றொரு பாகம் கிழிகிறது. அடித்தாளில் இரண்டு முத்திரையும் விழுந்திருந்தால் கணக்குச் சரி. வெளியேறிய முத்திரை இல்லாவிட்டால் சுங்கம் முழுவதையும் சங்கம் கட்டி, அதைப் பிரயாணியிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். புத்தகத்துக்கு ஆயுள் ஒரு வருஷம். நம் தேசத்தில் வண்டி தங்குவதற்கு ஆறு மாதம். நம்மவர் வண்டி எடுத்துக்கொண்டு வெளிநாடு போவதானாலும், பல தேசங்களில் இதே புத்தகம் வேண்டும். ஆரல்வாய்மொழிச் சவுக்கைக்காரர் கையில் கம்பி இருந்தது; இக்காலத்துச் சவுக்கைக்காரர் கையில் முத்திரை இருக்கிறது. மற்றபடி தொழில் ஒன்றுதான்.

அவர்கள் வண்டியை ஓட்டும் விதம் எங்களுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. ஹாலந்தில் சாலையின் வலப்புறம் போவார்கள். ஆகையால் சக்கரம் பிடிப்பவர் வண்டிக்குள் இடப்புறம் உட்கார்ந்திருக்கிறார். நம் நாட்டில் இடப்புறமாகப் போகும்போது அவருக்குப் பக்கத்து வேலியும் ஆட்டுக்குட்டியும் நன்றாகத் தெரியுமே தவிர, முன்னே போகும் லாரிக்கு அப்பால் எதிரே வரும் பஸ் தெரியாது. வலப்புறம் உட்கார்ந்த மனைவி தலையை நீட்டிப் பார்த்துப் "போகலாம்" என்றால் போவார். "வேண்டாம்" என்றால் நிற்பார். வாகாவிலிருந்து குமரி வரையில் ஒவ்வொரு லாரியையும் தாண்டியது அந்த அம்மாளின் வாக்கினால்தான். குடும்பம் நடத்துவதற்கு இது நல்ல பழக்கம் என்று நம் சகதர்மிணி அபிப்பிராயப்பட்டாள்.

தனியாக வருவதற்குப் பதில் கூட்டமாக வருவதும் உண்டு. ஜெர்மனி, ஹாலந்து, பிரான்ஸ் முதலிய நாடுகளில் இதற்கென்றே ஸ்தாபனங்கள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து வீட்டு வண்டிகள் ஒரு தலைவருடைய வண்டிக்குப் பின்னால் புறப்படும். மாலையில் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவார்கள். மறுநாள் வழியைத் தலைவர் விளக்குவார். ஜெர்மனியின் பவேரியாப் பிரதேசத்து ஸ்தாபனம் ஒன்று இன்னும் ஒரு படி மேலே போய், பஸ்ஸிலேயே பிரயாணிகளைப் பகலில் உட்காரவைத்து, இரவில் பின்புறத்து அறைகளில், அலமாரி இழுப்பறையில் துணியை அடுக்குவதுபோல், வரிசையாகப் படுக்கவைக்கிறது. இந்தக் கூட்டத்தார் பேச்சை எடுத்ததும் ஹாலந்துக்காரர் முகம் சுளித்தார். பிறர் மணியடித்து எழுப்பும் பிரயாணம் பிரயாணமா என்றார். நமக்கு அவ்வளவு கடுமையாகத் தோன்றவில்லை. சீன தேசத்தில் அந்நிய வண்டி ஓடவேண்டுமானால் முன்கூட்டியே அனுமதியும், தாற்காலிக நம்பர் பலகையும், கூடவே வழிகாட்டி ஒருவரும் வேண்டும். அந்த வழிகாட்டியின் செலவைப் பதினைந்து குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டால் நடுத்தரக் குடும்பமும் போகலாம். தனியே போனால் தனவந்தர்தான் போகலாம். நாம் இராமேசுவரத்துக்கும் காசிக்கும் கூட்டமாகப் போனதன் காரணமும் அதுவே.

ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்குச் சாலை வழியே வருவது ஒரு காலத்தில் இப்போதைவிடச் சுலபமாக இருந்தது. 1957 ஏப்ரல் 15-ஆம் தேதி லண்டனிலிருந்து இருபது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'இந்தியாமேன்' என்ற பஸ், ஜூன் 5-ஆம் தேதி கல்கத்தா வந்து சேர்ந்தது. கட்டணம் 85 பவுன். அடுத்த இருபது வருஷங்களில் ஐரோப்பிய இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் காபூல் வழியாக வந்தார்கள். 1979-இல் ஈரானில் புரட்சி. அவ்வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை. சாலை அப்படியே இருந்தது, போகத்தான் முடியவில்லை. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1923-இல் பம்பாய்ப் பார்ஸி வாலிபர்கள் சைக்கிளிலேயே உலகத்தைச் சுற்றப் புறப்பட்டு, அவர்களில் மூவர் 1928-இல் சுற்றி முடித்துத் திரும்பினார்கள். 1989-இல் சௌதுரி தம்பதிகள் நம் நாட்டுக் கான்டெஸா காரில் டில்லியில் புறப்பட்டு, 70 நாளுக்குள் பூமியைச் சுற்றி டில்லிக்கே வந்தார்கள். 2017-இல் கோயம்புத்தூரிலிருந்து பெண்மணிகள் சிலர் காரை ஓட்டிக்கொண்டு, பர்மா, சீனா வழியாக லண்டன் சேர்ந்தார்கள். அந்தப் பர்மா வாசலும் பிற்பாடு பிரயாணிகளுக்கு அடைபட்டது. இலங்கையோ இன்னும் வேடிக்கை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது; தலைமன்னார்க் கப்பலும் பிற்காலத்தில் நின்றது. 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள்; மனிதர் போகலாம், மோட்டார் போகமுடியாது. ஹாலந்திலிருந்து குமரிக்கு வண்டியில் வந்தவர்கள், கூப்பிடு தூரம் என்று சொல்லத் தக்க இலங்கைக்கு அதே வண்டியில் போகமுடியாமல் தவித்தார்கள்.

பிற்பகலில் அவர்களோடு காந்தி மண்டபத்துக்குப் போனோம். 1948 பிப்ரவரி 12-ஆம் தேதி முக்கடலில் கரைப்பதற்குமுன் மகாத்மாவின் அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில், 1956-இல் எழுந்த மண்டபம் அது. அக்டோபர் 2-ஆம் தேதி உச்சிப் பொழுதில் சூரிய கிரணம் அவ்விடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். காந்தி உயிரோடு இருக்கும்போது இங்கே வந்ததுண்டா என்று அந்த அம்மாள் கேட்டார்.

வந்தார். 1925-லும் 1937-லும் வந்தார். முதல் தடவை வந்தபோது தேவி கோவிலின் பிராகாரம் வரையில் விட்டார்கள். கர்ப்பக்கிருஹத்தின் அருகில் விடவில்லை. சீமைக்குப் போய்வந்தவர் என்பதே காரணம். பதினெட்டாம் வயதில் படிக்கப் போனதற்காக 1888-இல் பம்பாயில் அவருடைய ஜாதியார் அவரைத் தள்ளிவைத்தார்கள். முப்பத்தேழு வருஷம் கழித்தும் அந்தக் கடல் அவர் காலில் ஒட்டிக்கொண்டிருந்தது! குமரியின் அழகில் தாம் அடைந்த ஆனந்தத்தில் இந்தத் துயரம் கலந்துவிட்டதைப் பற்றி அவரே தம் பத்திரிகையில் எழுதினார். மறு வருஷம், 1926-இல், பத்து மைலுக்குள் இருக்கும் சுசீந்திரத்தில், கோவிலைச் சுற்றியுள்ள பொது ரஸ்தாவில் எல்லோரும் நடக்கவேண்டும் என்று சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. கோவிலுக்குள் போவதற்கு அல்ல, ரஸ்தாவில் நடப்பதற்கு. 1936 நவம்பர் 12-ஆம் தேதி மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். 1937 ஜனவரியில் காந்தி திரும்பி வந்தபோது, ஹரிஜனங்களுக்கே திறந்துவிட்ட கதவுகளைக் கண்டார்.

இதைச் சொல்லி முடித்தபோது ஹாலந்துக்காரர் வெகு நேரம் பேசவில்லை. தாம் பதினோரு எல்லைகளைக் கடந்து வந்ததாகவும், எல்லா இடத்திலும் தம் வண்டியைத்தான் சோதித்தார்கள் என்றும் சொன்னார்.

அவர்களுக்கு இருந்த கஷ்டங்களும் கேட்டறியத் தக்கவை. கழிப்பறைத் தொட்டியை எங்கே சுத்தம் செய்வது? நல்ல தண்ணீர் எங்கே பிடிப்பது? விடுதிக்காரருக்குப் பணம் கொடுத்து அவருடைய கழிப்பறையையும் குழாயையும் உபயோகிக்கிறார்கள். எல்லோரும் அவ்வளவு யோக்கியர்களாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. தொட்டியைக் கடலோரத்தில் கவிழ்த்துவிட்டுப் போகிறவன் எந்தத் தேசத்தானாக இருந்தாலும் அயோக்கியனே. பக்கத்துக் கேரளத்தில் 2021-இல் இத்தகைய வண்டிகளுக்கென்று ஒரு திட்டம் வகுத்து, வண்டிப் பூங்காக்கள் அமைக்க முற்பட்டார்கள். வண்டி யாத்திரை முடிகிற குமரிமுனைக்கு அது வேண்டாமா? பெரிய மாளிகை ஒன்றும் கேட்கவில்லை. நிழலுக்கு நாலு வேப்பமரம், ஒரு குழாய், கழிவு இறங்க ஒரு மூடிய தொட்டி, இரவுக்கு ஒரு காவற்காரர், நியாயமான வாடகை. அதில் நம்மவர் வண்டிக்கும் இடம் இருக்கவேண்டும். நடுநிசியில் முகத்தில் விளக்கு அடிக்கக்கூடாது. கல்மண்டபமும் கிணறும் கட்டிவைத்தவர்களின் பேரன்மாருக்கு இது எட்டாத காரியமா?

ஹாலந்துத் தம்பதிகள் மே மாதத்துக்குள் வாகா வழியே திரும்புவதாக இருந்தார்கள். ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் நடந்த கொடுமையை வாசகர்கள் அறிவார்கள். மறுநாளே அட்டாரி - வாகா வாசலை மூடுவதாக நம் சர்க்கார் அறிவித்தது. அவர்கள் அப்போது ராஜஸ்தானத்தில் இருந்தார்களாம். கார்னேப் புத்தகத்தின்படி ஆறு மாதம் முடிவதற்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியேறிய முத்திரை விழாவிட்டால் ஜாமீன் போய்விடும். ஜூலை மாதம் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. பம்பாய்த் துறைமுகத்தில் முத்திரை போட்டு வண்டியைக் கப்பலேற்றினார்களாம். வீடு கடல் வழியே போக, வீட்டுக்காரர்கள் ஆகாய விமானத்தில் போய், வீடு வந்து சேரும் வரையில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். தோவாளைப் பெரியவர் சுகமா என்று விசாரித்திருந்தார்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆவணி மாதத்தில் தோவாளைக்குப் போனோம். பெரியவர் அதே பெஞ்சில் இருந்தார். முழுவதையும் வாசித்துக் காட்டினோம்.

"கப்பலுக்கு எவ்வளவு குடுத்தாவளாம்?" என்று கேட்டார்.